மாதம் மூன்று நாவல்!

"ஒரு நாவல் எழுத உங்களுக்கு எத்தனை நாள் பிடிக்கும்?" என்று யாராவது கேட்டால், "அது அந்த மாதத்து மளிகைப் பாக்கியைப் பொறுத்தது" என்று சொல்வது என் வழக்கம். கேட்டவர் சிரிப்பார். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துக் கொள்வார். சத்தியமாக வேடிக்கை இல்லை.

1990-ஆம் வருஷம், பங்குனி மாதம். மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் வேலை பார்த்த ஆலை கதவடைத்து இரண்டு மாதமாகியிருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் ஜூன் மாதம் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாக வேண்டும். வீட்டில் வருமானம் என்று வந்து கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மாதம் ஒரு நாவலுக்குச் சென்னைப் பதிப்பாளர் அனுப்பும் எழுநூறு ரூபாய். அதுவரை அந்தப் பணத்தைப் "பூச்செலவுக்கு ஆச்சு" என்று அத்தை கேலி செய்வார்கள். இப்போது அதில்தான் அரிசி வாங்க வேண்டியதாயிற்று. அத்தையும் கேலியை நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

மாத நாவல் என்றால் இன்றைய பெண்களுக்குத் தெரியுமோ தெரியாதோ! உள்ளங்கையில் அடங்கும் புத்தகம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில், வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். மதுரையில் ரெயில் ஏறும்போது வாங்கினால் திண்டுக்கல்லில் கொலை நடக்கும், திருச்சியில் குற்றவாளி அகப்படுவான். என்னுடையது குடும்ப நாவல் ஆகையால் கொலைக்குப் பதில் கல்யாணம் நிற்கும். மற்றபடி ரெயில் கணக்கு ஒன்றுதான். கோயம்புத்தூரில் இருந்து கொண்டு ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவலுக்கு மேல் எழுதியது இந்தச் சந்தைக்காகத்தான்.

என் பதிப்பாளரிடமிருந்து அப்போது ஒரு கடிதம் வந்தது. "அம்மா, தங்கள் நாவல்கள் நன்றாகப் போகின்றன. மாதம் மூன்று கொடுத்தால் எடுத்துக் கொள்கிறோம். ஒன்றுக்குத் தங்கள் பெயரும் மற்ற இரண்டுக்கு வேறு பெயரும் போட்டுக் கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். மூன்று எழுநூறு இரண்டாயிரத்து நூறு! கடிதத்தை அடுப்பங்கரையில் வைத்தே நாலு தடவை வாசித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாவலுக்கு இருபது அத்தியாயம். அத்தியாயத்துக்கு ஆறு முழுநீளத் தாள். ஆக நூற்றிருபது தாள். என் கை ஒரு நாளில் எட்டுத் தாளுக்கு மேல் ஓடாது. பதினைந்து நாள் ஆகிறது. மாதத்துக்கு இரண்டுதான் தேறும். அதுவும் ஒருவருக்கும் ஜுரம் வராமல், ஒரு விருந்தாளியும் வராமல் இருந்தால். மதுரையில், அதுவும் சித்திரைத் திருவிழாவை முன்னே வைத்துக் கொண்டு, விருந்தாளி வராமல் இருப்பதாவது!

யோசனை சொன்னது அத்தைதான். அவர்கள் மல்லிகைப் பூவை வாழைநாரில் தொடுத்தபடியே தெருவில் போகிற வருகிற அத்தனை பேரிடமும் வம்பளப்பார்கள். விரல்கள் பாட்டுக்கு ஓடும். ஒரு பூ தவறாது.

"நீ என்னடான்னா பேனாவைப் பிடிச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. கதை உன் வாயிலேதானே இருக்கு? வாயாலே சொல்லு. எழுத ஒரு ஆளை வச்சுக்கோ" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. வை. மு. கோதைநாயகி அம்மாள் தொடங்கினதே அப்படித்தானே! ஐந்தரை வயதில் கல்யாணமானவர். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. முதல் நாடகமான 'இந்திர மோஹனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்துக் கொண்டு, நூற்றுப் பதினைந்து நாவல் எழுதிவிட்டுப் போனார். ரஷ்ய தேசத்திலும் ஒரு கதை உண்டு. 1866-ல் தஸ்தயேவ்ஸ்கி பதிப்பாளர் ஒருவரிடம் ஏடாகூடமான ஒப்பந்தத்தில் மாட்டிக் கொண்டிருந்தார். குறித்த நாளுக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதெல்லாம் பதிப்பாளருக்கு இலவசம்! சுருக்கெழுத்துப் பெண் ஒருத்தியை அமர்த்திக் கொண்டு, இருபத்தாறே நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். மறு வருஷமே அந்தப் பெண்ணைக் கல்யாணமும் செய்து கொண்டார். இந்தப் பின்பகுதியை நான் என் கணவரிடம் சொன்னபோது, "உனக்கு அந்த வசதி இல்லை" என்று சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எழுத ஆள் எதிர் வீட்டிலேயே கிடைத்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பெண். நாங்கள் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவள் தாயார் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். துணியை நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக மலரும். கூலி முடிச்சுக் கணக்கில்தான். என் பிழைப்பும் அத்தியாயக் கணக்குத்தானே! மத்தியான வேளையில் அவள் துணியோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் அவரவர் கூலியைப் பார்த்தபடி பேசிக் கொண்டிருப்போம்.

பாப்பாவுக்கு அத்தியாயத்துக்கு மூன்று ரூபாய் என்று பேசினேன். முத்து முத்தான கையெழுத்து. முதல் இரண்டு நாள் எனக்குத்தான் வாய் வரவில்லை. "அவள் கண்களில் நீர் துளிர்த்தது" என்று காகிதத்தில் எழுதிவிடலாம். பதினேழு வயதுப் பெண் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள், வெட்கமாயிருக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கொண்டேன். பிறகு வந்தது வெள்ளம்! நாளுக்கு இருபது தாள். ஆறே நாளில் ஒரு நாவல்.

வேகத்துக்கென்று சில உபாயங்களையும் கற்றேன். மறுநாள் சொல்ல வேண்டிய அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தை முதல் நாள் இரவே முடிவு செய்து வைத்துக் கொள்வேன். முடிவு தெரிந்தால் நடு தானாக வரும். பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரங்களை யோசிப்பேன். சொன்னதை அன்றைக்குத் திருத்துவதில்லை. ஆன்டனி ட்ரோலப் என்று இங்கிலீஷ் நாவலாசிரியர் ஒருவர். தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக் கொண்டு கால் மணிக்கு இருநூற்றைம்பது சொல் எழுதுவாராம். எனக்குக் குக்கர்தான் கடிகாரம். மூன்றாவது விசிலுக்குள் கதாநாயகி ஊரை விட்டுப் போயாக வேண்டும்.

வேகத்தில் வரும் விபத்துக்கும் குறைவில்லை. ஒரு நாவலில் ஆறாம் அத்தியாயத்தில் காலமான நாத்தனார் பதினைந்தாம் அத்தியாயத்தில் காபி கொண்டு வந்து வைத்துவிட்டாள்! நானும் கவனிக்கவில்லை, பாப்பாவும் கவனிக்கவில்லை, சென்னையில் அச்சுக் கோத்தவரும் கவனிக்கவில்லை. திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதினார்: "அம்மா, ஆவி போட்ட காபியிலும் ஆவி பறந்ததா?" அன்றிலிருந்து ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு ரேஷன் கார்டு தயாரித்தேன். குடும்பத் தலைவர், உறுப்பினர், வயது, உறவு. இறந்தால் பெயர் நீக்கம். இன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இப்படி விரைந்து எழுதுவது மட்டம் என்று எங்கள் வாசகசாலைப் பெரியவர் ஒருவருக்கு அபிப்பிராயம். நான் ஒப்புக் கொள்ளவில்லை. 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபா என்ற நாடகக் கம்பெனியை ஏற்படுத்திய சங்கரதாஸ் சுவாமிகள் என்ன செய்தார்? 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, அவரிடம் சிறுவனாகப் பயின்ற டி. கே. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார். கம்பெனிக்குப் புது நாடகம் வேண்டும். நாடகம் நடந்தால்தான் அத்தனை பையன்களுக்கும் உலை கொதிக்கும். சுவாமிகள் 1922-ல் மறைந்தார். இன்றும் மதுரையைச் சுற்றிய கிராமத் திருவிழாக்களில் அவருடைய வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. வேகம் ஒரு குற்றமல்ல. ஆனால் சுவாமிகளுக்குப் புராணம் முழுவதும் நெஞ்சில் இருந்தது, வாரி எடுத்தார். என் நெஞ்சில் என்ன இருந்தது?

அங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன்.

ஏப்ரலில் இரண்டு நாவல் போய்விட்டது. இரவில் என் கணவர் கட்டை எடுத்துக் கொண்டு ரெயில்வே ஸ்டேஷன் ஆர். எம். எஸ்.ஸில் தபாலில் சேர்த்துவிட்டு வருவார். மூன்றாவது நாவலுக்கு எட்டு அத்தியாயம் ஆகியிருந்தது. ஒன்பதுக்கு என்னிடம் ஒன்றுமில்லை. வெயில் வேறு கொளுத்துகிறது. எங்கோ ஒலிபெருக்கி அலறுகிறது. பாப்பா பேனாவைத் திறந்து வைத்துக் கொண்டு காத்திருக்கிறாள். காத்திருக்கும் ஒரு பேனாவைப் போல அவசரப்படுத்தும் வஸ்து உலகத்தில் கிடையாது.

கைக்கெட்டிய தூரத்தில் ஒரு கதை இருந்தது. எடுத்தேன்.

சூரத்துக்கு ஜவுளி வேலைக்குப் போன பாப்பாவின் தகப்பனார் நாலு வருஷமாக ஊருக்கு வரவில்லை. மாதா மாதம் மணியார்டர் மட்டும் வரும். மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுதி அனுப்ப ஒரு துண்டு உண்டு. அதைத் தபால்காரர் கிழித்துக் கொடுப்பார். அந்தத் துண்டில் ஒரு வரி இராது. "அப்பாவுக்கு எழுத ஏது நேரம்?" என்று மகளிடம் சொல்லி வந்தாள் தாய். உண்மை என்னவென்று ஒரு நாள் திண்ணையில், முடிச்சுப் போடும் கை நிற்காமலே, என்னிடம் மட்டும் சொன்னாள். அவனுக்கு அங்கே வேறு குடும்பம் ஏற்பட்டுவிட்டது.

நான் சூரத்தைப் பம்பாய் ஆக்கினேன். ஜவுளியைக் குமாஸ்தா வேலையாக்கினேன். மதுரையைச் சிதம்பரமாக்கினேன். சாமர்த்தியமாக மறைத்துவிட்டதாக எண்ணம்! சுவரைப் பார்த்தபடி கடகடவென்று சொல்லிக் கொண்டு போனேன்.

"...மூடியில் மயில் படம் போட்ட அந்தத் தகர டப்பாவை அவள் திறந்தாள். உள்ளே ஐம்பது துண்டுகள். ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. பம்பாயில் அவருக்கு வேறு மனைவி இருக்கிறாள், குழந்தையும் இருக்கிறது என்பதை மகளிடம் எப்படிச் சொல்வாள்?..."

பேனாச் சத்தம் நின்றது.

"என்ன பாப்பா, வேகமாச் சொல்லிட்டேனா?"

"இல்லை பெரியம்மா." சற்றுப் பொறுத்து, "மயில் படம்தானே சொன்னீங்க?"

"ஆமாம், மயில்."

மீண்டும் பேனா ஓடியது. அத்தியாயம் முடியும்வரை எழுதினாள். தாள்களை அடுக்கித் தட்டி ஒழுங்கு பண்ணினாள். பேனா மூடியைத் திருகி மூடினாள்.

"அம்மா கூப்பிட்டாப்பல இருக்கு பெரியம்மா."

யாரும் கூப்பிடவில்லை.

இரவு தாள்களைப் பார்த்தேன். அந்த வரி வரைக்கும் முத்து முத்தாக இருந்த எழுத்து, அதற்குப் பிறகு தாளின் பின்பக்கத்தில் தட்டுப்படும் அளவுக்கு அழுந்தியிருந்தது. மயில் டப்பா எதிர் வீட்டு அலமாரியில் இருப்பது. ஊரை மாற்றினேன், உத்தியோகத்தை மாற்றினேன். டப்பாவை மாற்ற ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும், அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லை.

மறுநாள் பாப்பா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எதிர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. பத்தடி சந்தைக் கடந்து போய் ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் இல்லை. முப்பது நாவலில் எத்தனையோ பேரை எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தவள் நான்!

மூன்றாம் நாள் மத்தியானம் தாயார் வந்தாள். வழக்கம்போல் துணியை மடியில் போட்டுக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். நாலைந்து முடிச்சு விழுந்தது.

"நாலு வருஷமா அவகிட்டே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேங்க்கா. நீங்க ஒரு மத்தியானத்திலே சொல்லிட்டீங்க."

நான் வாய் திறக்கவில்லை.

"ராத்திரி பூரா அழுதா. என்னையும் பேசினா. போகட்டும், எப்பவானாலும் தெரிய வேண்டியதுதான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா அது எம் பொண்ணு கையெழுத்திலே மெட்ராசுக்குப் போக வேணாங்க்கா."

உள்ளே போய் ஒன்பது அத்தியாயத்தையும் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். ஒன்பதாவது மட்டும் கொடுத்தால் போதாது என்று அப்போது தோன்றியது. அவளுக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவாக வராது. தாள்களைக் கையில் எடைபோடுகிற மாதிரி தூக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டா எழுதியிருக்கா?" என்றாள். சுங்குடித் துணியிலேயே சுற்றி எடுத்துக் கொண்டு போய்விட்டாள். அப்புறம் அவை அடுப்புக்குப் போயினவா, பரணுக்குப் போயினவா, நான் கேட்கவில்லை.

பதிப்பாளருக்குக் கொடுத்த கெடுவுக்கு எட்டே நாள் பாக்கி. புதிதாக ஒரு நாவல் வேண்டும். தனிக் கையால் எழுதுவதானால் நாளுக்குப் பதினைந்து தாள்! நாலு நாளில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அத்தை நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவி, பழம்புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். "வாயாலே சொல்லு" என்று இந்தத் தடவை அவர்கள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்கிறேன், பாப்பா வாசலில் நிற்கிறாள். உள்ளே வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அட்டையை எடுத்து மடியில் வைத்துக் கொண்டாள்.

"எங்கே நிறுத்தினீங்க பெரியம்மா?"

"பத்தாம் அத்தியாயம்."

பேனாவைத் திறந்தவள் எழுதவில்லை. "இது யார் கதை?" என்றாள்.

"யார் கதையும் இல்லை பாப்பா. கொடைக்கானல் பங்களா, ஒரு வைர நெக்லஸ் காணாமல் போகுது."

"அப்ப சரி."

அன்று நான் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி சொன்னேன். வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. எப்படியோ எட்டாம் நாள் இரவு கட்டு ஆர். எம். எஸ்.ஸுக்குப் போயிற்று. உண்மையைச் சொன்னால், அது நான் எழுதியவற்றிலேயே மோசமான நாவல். நெக்லஸைத் திருடியது யார் என்று எனக்கே பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் தெரிந்தது. ஆனால் அதுதான் நன்றாக விற்றது என்று பதிப்பாளர் எழுதினார்! அறுபது ரூபாய்க் கூலியைப் பாப்பா எண்ணி வாங்கிக் கொண்டாள். பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கட்டினோம்.

ஆடி மாதத்தில் என் கணவருக்குக் கீழ ஆவணி மூல வீதியில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. நான் மாதம் இரண்டு நாவலோடு நிறுத்திக் கொண்டேன். எழுநூறு ரூபாய் நஷ்டம்தான். "ஏன்?" என்று பதிப்பாளர் கேட்டதற்கு, "கை வலி" என்று பதில் எழுதினேன்.

மாத நாவல்களின் மவுசு தொலைக்காட்சித் தொடர்கள் வந்ததும் இறங்கிவிட்டது. பழைய பாணி மணியார்டரைத் தபால் இலாகாவே 2015-ல் நிறுத்திவிட்டது. நான் மட்டும் நிறுத்தவில்லை. இப்போது கைபேசியில் தொடர்கதை. வாரத்துக்கு இத்தனை பகுதி போட்டால் இவ்வளவு வாசகர், இவ்வளவு வாசகருக்கு இவ்வளவு பணம் என்று அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான் பேசப் பேசக் கைபேசியே எழுதிக் கொள்கிறது. 'மாமியார் வந்தாள்' என்று சொன்னால் சில சமயம் 'மாமி யார் வந்தாள்' என்று எழுதிக் குழப்பும். மற்றபடி மகா சமர்த்து. மணிக்கட்டு வலி கிடையாது, மூன்று ரூபாய் கேட்காது. என்ன சொன்னாலும், யாரைப் பற்றிச் சொன்னாலும், ஒரு இடத்திலும் நிற்காமல் எழுதிக் கொண்டே போகிறது.

பாப்பா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பாங்கில் உத்தியோகம், அவள் மகளே கல்லூரிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அம்மாவின் முழங்கால் வலி, அங்கே மல்லிகைப்பூ விற்கும் விலை, எல்லாம் பேசி முடித்த பிறகு, "இந்த வாரம் எத்தனை அத்தியாயம் பெரியம்மா?" என்பாள்.

"நாலு."

"நாலா! யார் கதை?"